போத்தலில் ஒட்டியிருந்த பெயர்

நீல அச்சு வகுப்புகளை இனி நடத்தப்போகும் உங்களிடம், கரைசலை எப்படிக் கலப்பது, தாளை எப்போது தண்ணீரில் போடுவது என்றெல்லாம் நான் பேசப்போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. தூரிகையைப் பிடித்தால் பூச்சு திட்டுத்திட்டாக விழுகிறது. அதனால்தான் விலகுகிறேன். போவதற்கு முன் கொட்டாஞ்சேனை வகுப்பில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்களில் ஒருவர் போன கிழமை, “உங்கட வகுப்புக்கு ஒருநாள் பொலிஸ் வந்ததாமே அன்ரி?” என்று சிரித்துக்கொண்டு கேட்டார். வந்தது. அதைச் சிரிப்புக் கதையாகத்தான் நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலில் நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் கலைஞர் இல்லை. ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் சிங்களம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். காலம் முழுக்க மற்றவர்கள் சொன்ன உண்மையையும் பொய்யையும் ஒரே குரலில் மொழிபெயர்த்தவள். அந்த வேலை மனிதரை ஒரு மாதிரி ஆக்கிவிடும். மீன்காரர் “இண்டைக்குக் காலமை பிடிச்சது” என்றால்கூட, எந்தக் காலமை என்று கேட்கத் தோன்றும்.

அப்படிப்பட்ட நான் வெள்ளவத்தையில் ஒரு பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்தேன். சயனோடைப் என்ற நீல அச்சுப் பழகலாம், முன் அனுபவம் எதுவும் தேவையில்லை, வெயிலும் தண்ணீரும் போதும் என்று எழுதியிருந்தது. அனுபவம் தேவையில்லை என்று சொல்லி ஆள் சேர்ப்பவர்களைப் பற்றிய வழக்குகள் எங்கள் அலுவலகத்துக்கு நிறைய வந்திருக்கின்றன. என்ன ஏமாற்று என்று பார்த்துவிட்டு வரத்தான் போனேன்.

டீச்சர் இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பெண். பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்தவள். ஊர் கிளிநொச்சி, வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். இரண்டு கரைசல்களைக் கலந்து தாளில் பூசி, மேலே ஒரு பப்பாசி இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தாள். பிறகு தண்ணீரில் அலசினாள். இலை இருந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் கடல் நீலமாகவும் வந்தது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தத் தாளில் முன்கூட்டியே ஏதோ அச்சடித்து வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். என் கைப்பையில் இருந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, இதில் செய்து காட்டச் சொன்னேன். மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவள் மட்டும் தாளை வாங்கிக்கொண்டு சொன்னாள்: “நல்லாச் சந்தேகப்படுங்கோ அன்ரி. சந்தேகப்படுற ஆக்கள்தான் தாளை வடிவாப் பாப்பினம்.”

என் தாளிலும் நீலம் வந்தது. அடுத்த வகுப்புக்கும் போனேன். சில மாதங்களில் அவளுக்கு உதவியாக நின்று தாள் வெட்டவும், வருகிறவர்களைப் பதியவும், சிங்களத்தில் பேசுகிறவர்களுக்கு விளக்கவும் தொடங்கினேன். அவளுக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும்.

கொட்டாஞ்சேனை வகுப்பு ஸ்டெல்லா மிஸ்ஸின் வீட்டு மொட்டைமாடி ஸ்லாப்பில் நடந்தது. ஸ்டெல்லா மிஸ் ஓய்வு பெற்ற பாலர் பாடசாலை ஆசிரியை. தேவாலயத்துக்குப் போகும் வழியில் அவர்களுடைய பழைய வீடு. ஸ்லாப்பில் பாதிக்குத் தகரக் கூரை, பாதிக்குத் திறந்த வெயில். எங்களுக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஆனால் அது எந்தக் காலம் என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பக்கத்துச் சனம் ஒரு பை தனியே கிடப்பதைக் கண்டால் வீதியைக் கடந்து மறுபக்கத்தால் நடந்த காலம். கோயில் வாசலிலும் பள்ளி வாசலிலும் பைகளைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன; ஏன் என்று கொழும்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அன்று வந்திருந்தவர்களில் இரண்டு பேரை நீங்கள் அறிய வேண்டும். ஒருவர் நவ்ஷாத். தெமட்டகொடையில் துணிக்கடை வைத்திருப்பவர், முப்பது வயது இருக்கும். வந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை. மற்றவர் மங்கை. என் வயதுக்காரி, யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் பல காலமாக இருக்கிறவர். சந்தையில் என்னைக் கண்டு கதைத்துக் கதைத்து, நான்தான் அவரை வகுப்புக்குக் கூட்டிவந்தேன். ஈரத் துணியில் சுற்றிய முருங்கை இலையும் கறிவேப்பிலையும் கொண்டுவந்திருந்தார். “இவ்வளவு காலமும் கறிக்குள்ள போட்டதை இண்டைக்குப் படமாப் போடப் போறன்” என்று எல்லோரையும் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

டீச்சர் மேசையில் இரண்டு கபில நிறப் போத்தல்களை வைத்தாள். கடையில் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. ஒன்று பொட்டாசியம் ஃபெரிசயனைட். வழக்கம்போல அவள் பெயர் எதையும் சொல்லவில்லை. இது ஒன்றாம் கரைசல், இது இரண்டாம் கரைசல் என்றாள். பெயரைச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் பயப்படுவார்கள் என்பது அவளுடைய எண்ணம். உதவிக்கு நின்ற எனக்கு மட்டும் என்ன ஏது என்று சொல்லியிருந்தாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

நவ்ஷாத் குனிந்து போத்தலின் சீட்டைத் தொலைபேசியில் படம் எடுத்தார். எடுத்துவிட்டு யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு படியில் இறங்கி வீதிக்குப் போனார். அதற்குப் பிறகு என் கண் முழுவதும் அவர்மேல்தான். திரும்பி வந்தபோது நெற்றியில் வியர்வை இருந்தது. கைகளைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். என்னோடு வந்த மங்கை எப்போது எழுந்து கீழே போனார், எவ்வளவு நேரம் கழித்து வந்தார் என்று நான் கவனிக்கவே இல்லை. தலை இடிக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு மூலையில் இருந்தார். கறிவேப்பிலை தாளுக்குப் பக்கத்தில் வாடிக்கிடந்தது.

எல்லோருடைய தாள்களையும் கண்ணாடிக்குக் கீழே வைத்து வெயிலில் பரப்பி முடித்தபோது ஸ்டெல்லா மிஸ் மூச்சு வாங்க மேலே ஓடிவந்தார்.

“பொலிஸ் வந்திருக்காங்க! நம்ம வீட்டுல சயனைட் வச்சிருக்கோமாம். யாரோ கோல் பண்ணிச் சொல்லியிருக்காங்க!”

தமிழர் இருக்கும் ஓர் அறையில் அந்தச் சொல் என்னவெல்லாம் செய்யும் என்று உங்களில் இளையவர்களுக்கு முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். டீச்சருக்குத் தெரிந்திருந்தது. மேசையில் இருந்த போத்தலை எடுத்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்கு ஓடினாள். மூடியைக் கழற்றிவிட்டாள். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

“ஊத்தாதையுங்கோ.”

“விடுங்கோ அன்ரி! இதை இங்க கண்டா என்னைக் கொண்டுபோயிடுவினம்.”

“ஊத்தினாத்தான் கொண்டுபோவினம். வெறும் போத்தலும் அந்தப் பேரும் மட்டும்தான் மிஞ்சும். உள்ளுக்கை இருந்தது என்னெண்டு பிறகு எதைக் காட்டிச் சொல்லுவீங்கள்?”

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவள் மூடியைப் பூட்டி மேசையில் வைத்தாள். பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னேன்.

வந்தவர்கள் ஓர் இன்ஸ்பெக்டரும் இரண்டு பொலிஸ்காரரும். இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. மரியாதையாகவே நின்றார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. போத்தலைக் காட்டி, “மேக்க மொக்கத?” என்று கேட்டார். இது என்ன என்று.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா மிஸ் சிங்களத்தில் முந்திக்கொண்டார். “ஒண்ணுமில்ல சேர், துணிக்குப் போடுற சாயம். சின்னப் புள்ளைங்ககூடத் தொடும். குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது.”

காப்பாற்றத்தான் சொன்னார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். “அப்படியென்றால் கொஞ்சம் குடித்துக் காட்டுங்கள்.”

அவருடைய சிங்களம் அவளுக்கு விளங்கியது. கை போத்தலை நோக்கிப் போனது. அவள் குடித்திருப்பாள், பிள்ளைகளே. பயந்த மனிதர் எதையும் நிரூபிக்கத் துணிவார். நான் இடையில் போய் நின்றேன். அந்தக் கணத்தில் என் பழைய வேலைதான் கைகொடுத்தது. தன்னைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்லும் சாட்சியை எந்த நீதிபதியும் நம்பி நான் கண்டதில்லை.

“சேர், இது சாயமில்லை,” என்று சிங்களத்தில் சொன்னேன். “இது ஒரு இரசாயனம். பெயரில் அந்தச் சொல் இருப்பது உண்மை. ஆனால் நீங்கள் நினைக்கும் நஞ்சு இல்லை. குடிக்கக்கூடிய பொருளும் இல்லை. இதில் கடும் அமிலத்தை ஊற்றிச் சூடாக்கினால் நச்சுப் புகை வரும். அதனால் நாங்கள் அமிலம் எதையும் கிட்ட வைப்பதில்லை. வேண்டுமென்றால் இந்த இடம் முழுவதையும் தேடிப் பாருங்கள்.”

நச்சுப் புகை என்ற சொல் டீச்சருக்கு விளங்கியது. நான் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டதுபோல என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். “அப்படியென்றால் இதை வைத்து என்ன செய்கிறீர்கள்? காட்டுங்கள்.”

காட்டினால் முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் துறைமுகப் பக்கமிருந்து மேகம் வந்து வெயிலை மூடியிருந்தது. டீச்சர் ஒரு தாளை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். போதிய வெயில் படாததால் பூச்சு எல்லாம் கழுவுண்டு மஞ்சளாக ஓடியது. தாளில் எஞ்சியது ஓர் அழுக்குச் சாம்பல் நிறம்.

“இதற்காகவா இத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

போத்தலை ஒரு பையில் போடச் சொன்னார். டீச்சரின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். கிளிநொச்சி விலாசத்தில் அவருடைய கண் நின்றது. பொலிசுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார். நானும் வருகிறேன் என்றேன். யார் நீங்கள் என்று கேட்டார். “நான் இங்கே உதவிக்கு நிற்பவள். மொழிபெயர்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. இந்தப் பிள்ளையின் சிங்களம் வாக்குமூலத்துக்குப் போதாது. பிழையாக எழுதினால் உங்களுக்கும் கரைச்சல்,” என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு மர வாங்கில் எங்களை இருக்கவைத்தார்கள். கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தன. எங்கே வாங்கினீர்கள்? புறக்கோட்டையில் பாடசாலை ஆய்வுகூடச் சாமான் விற்கும் கடையில். யார் சொல்லித் தந்தார்கள்? பல்கலைக்கழகத்தில். வீட்டில் யார் யார்? அம்மாவும் அக்காவும். அப்பா? இல்லை. எப்படி இல்லை? அதையும் அவள் சொன்னாள். பதிலை அவர் எழுதவில்லை.

ஒரு கட்டத்தில் இன்ஸ்பெக்டர், “சயனைட் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார். டீச்சர் தமிழில் பொரிந்து தள்ளினாள்: “எனக்கு அதைப் பற்றி ஒண்டும் தெரியாது!”

அதை அப்படியே மொழிபெயர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். ஒரு நிமிடத்துக்கு முன் போத்தலை எங்கே வாங்கினாள், யார் சொல்லித் தந்தார்கள் என்று விளக்கமாகச் சொன்னவள், இப்போது ஒன்றும் தெரியாது என்கிறாள். மொழிபெயர்ப்பாளர் மற்றவர் வாயில் சொல்லை வைக்கக் கூடாது. ஆனால் கேட்கலாம். இன்ஸ்பெக்டரிடம் அனுமதி பெற்று அவளிடம் கேட்டேன்: “எதைப் பற்றித் தெரியாது? போத்தலில இருக்கிறதைப் பற்றியோ, அவர் கேக்கிற அந்த நஞ்சைப் பற்றியோ?”

அவள் ஒரு மூச்சு எடுத்தாள். “போத்தலில இருக்கிறதைப் பற்றித் தெரியும். அந்த நஞ்சை நான் கண்ணால கண்டதில்லை.”

அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். இன்ஸ்பெக்டர் பேனையை வைத்துவிட்டுத் தன் தொலைபேசியை எடுத்தார். மகளிடம் பேசினார். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பவள்போல. போத்தலில் இருந்த பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது. “அது எங்கள் ஆய்வுகூடத்திலும் இருக்கிறது அப்பா. இரும்பு இருக்கிறதா என்று பார்க்கப் போடுவோம். நீலமாக வரும்.”

அவர் சிரிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. போத்தலைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும் என்றார். பின்னேரம் எங்களைப் போகவிட்டார். போத்தல் திரும்பி வரவே இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

பொலிஸ் வந்ததோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் கேட்கிறவர்கள் நினைக்கிறார்கள். எனக்குக் கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் இருந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது வகுப்புக்கு வந்தவர்களில் பலர் இன்னும் ஸ்டெல்லா மிஸ்ஸின் முன் அறையில் காத்திருந்தார்கள். நவ்ஷாத் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் தனியே இருந்தார். அவருக்கு இரு பக்கமும் கதிரைகள் காலியாக இருந்தன. ஸ்டெல்லா மிஸ் என்னைக் குசினிக்குள் இழுத்துப் போனார்.

“நிர்மலா, அந்த ஆள்தான். எனக்கு நல்லாத் தெரியும். போட்டோ எடுத்தார், ரோட்டுக்குப் போய்க் கோல் எடுத்தார், நீங்களே பாத்தீங்கதானே? இனி இந்த வீட்டுப் படி மிதிக்க வேணாம்னு நான் இப்ப மூஞ்சிக்கு நேரா சொல்லப் போறேன். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”

எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம். காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். வாங்கில் இருந்தபோதுகூட அவருடைய வியர்த்த நெற்றிதான் கண்முன் வந்தது. இருந்தும் ஸ்டெல்லா மிஸ்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினேன். “கேளுங்கோ. குற்றம் சாட்டாதையுங்கோ. காலமை வந்த பொலிஸ்காரர் செய்ததை நாங்களும் செய்யிறதே? ஏன் படம் எடுத்தனீங்கள் எண்டு கேக்கிறது கேள்வி. நீங்கள்தான் எண்டு சொல்லுறது தீர்ப்பு.”

நானே போய்க் கேட்டேன். எல்லோரும் கேட்கும்படியாகத்தான் கேட்டேன். காதுக்குள் இரகசியமாகக் கேட்டால் அவருக்கு அது மிரட்டல்போலப் படும்.

“தம்பி, காலமை அந்தப் போத்தலைப் படம் எடுத்தனீங்கள். ஏனெண்டு சொல்லேலுமோ?”

நவ்ஷாத் தொலைபேசியைத் திறந்து என் கையில் தந்தார். படம் மனைவிக்குப் போயிருந்தது. அதன் கீழே மனைவியின் குரல் பதிவுகள் வரிசையாக இருந்தன.

“எங்கட புள்ளைக்கு இப்பதான் மூனு மாசம்,” என்றார். “இதக் கையில தொட்டுட்டு வந்து புள்ளயத் தூக்கேலுமான்டு கேட்டாள். எனக்கும் பயம் வந்திட்டு. அதான் கீழ போய்க் கதைச்ச. வேற யாருக்கும் நான் எடுக்கல்ல.” பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நீங்க என்னய நெனச்சதுல பிழையில்ல. இந்தக் காலத்துல நானே இருந்தாலும் என்னயத்தான் நெனச்சிருப்பன்.”

ஸ்டெல்லா மிஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவர் மெல்ல, “படத்தை அனுப்பிப்போட்டு வேற ஆக்களுக்கும் எடுத்திருக்கலாம்தானே” என்று தொடங்கினார்.

“அவரை விடுங்கோ.”

மங்கையின் குரல். அவர் எழுந்து நின்றிருந்தார்.

“நான்தான் பொலிசுக்கு எடுத்தனான்.”

முதலில் எனக்கு விளங்கவில்லை. நவ்ஷாத்தைக் காப்பாற்ற ஏதோ சொல்கிறார் என்றே நினைத்தேன். டீச்சருக்கு உடனே விளங்கிவிட்டது.

“நீங்களோ அன்ரி? ஏன்?”

மங்கை சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். “என்ர தம்பி இயக்கத்துக்குப் போனவன். வீட்டுக்கு வந்தால் கழுத்தில அந்தக் குப்பி கிடக்கும். சாப்பிடேக்க எண்டாலும் அதைக் கழட்டி வையடா எண்டு அம்மா அழுவா. கழட்டி மேசையில, சோத்துக் கோப்பைக்குப் பக்கத்தில வைப்பான். சாப்பிட்டு முடியத் திரும்பப் போடுவான். அவன் போனாப் பிறகு அந்தப் பேரை நான் வாயால சொன்னதில்லை. இண்டைக்கு மேசையில அந்தப் பேரை எழுத்தில கண்டன். சுத்தவர இளம் பிள்ளையள் நிக்கினம்.”

“என்னட்டக் கேட்டிருக்கலாமே!” டீச்சர் கத்தினாள். அவள் கத்தி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. “ஒரு சொல் கேட்டிருக்கலாமே! என்ர விலாசத்தைப் பாத்தவுடன அவர் என்ன நினைச்சவர் எண்டு தெரியுமோ உங்களுக்கு? அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுவன் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்!”

“கேட்டால் ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவீங்கள்,” என்றார் மங்கை. “அவனும் அப்பிடித்தான் சொன்னவன். ஒண்டுமில்லையக்கா, சும்மா போட்டிருக்கிறது எண்டு.”

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நவ்ஷாத் மங்கைக்குத் தன் கதிரையைக் கொடுத்துவிட்டு, ஸ்டெல்லா மிஸ்ஸிடம் தண்ணீர் கேட்டு வாங்கி அவர் கையில் கொடுத்தார். பிறகு அவரும் போனார்.

அன்று நானும் மங்கையும் ஒரே பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்தோம். பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தோம். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. டீச்சர் அந்த வாங்கில் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். ஆனால் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வீர்கள் என்று அவர் சொன்னதையே யோசித்துக்கொண்டு வந்தேன். காலையில் அவர் கேட்டிருந்தால் நாங்கள் உண்மையில் என்ன சொல்லியிருப்போம்? ஒன்றாம் கரைசல், இரண்டாம் கரைசல், பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்போம். ஸ்டெல்லா மிஸ் இன்ஸ்பெக்டரிடம் சொன்னதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வகுப்புகள் சில மாதங்கள் நின்றுபோயின. நவ்ஷாத்தை இரண்டொரு முறை அழைத்தேன். கடையில் வேலை அதிகம் என்றார். உண்மையாக இருக்கலாம். அவர் பிறகு வரவே இல்லை. நாங்கள் யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லைதான். ஆனால் அந்தக் காலிக் கதிரைகளை அவர் பார்த்தார். நான் தடுத்தது ஸ்டெல்லா மிஸ்ஸின் வாயை மட்டும்தான். சந்தேகம் வாயைத் திறக்காமலும் ஒரு மனிதரை வெளியே அனுப்பிவிடும். வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை என்று பாருங்கள். அங்கே போய் நீங்கள் இருங்கள்.

பிறகு ஒருநாள் டீச்சர் என்னை அழைத்தாள். திரும்பத் தொடங்கப் போவதாகவும் இந்த முறை வெள்ளவத்தையில் என்றும் சொன்னாள். “அவவையும் வரச் சொல்லுங்கோ,” என்றாள். அன்ரி என்று சொல்லவில்லை. அன்று முதல் அவள் மங்கையை ஒருநாளும் அன்ரி என்று கூப்பிட்டதில்லை. மிஸிஸ் என்று கணவரின் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவாள். மங்கையும் அதை ஏற்றுக்கொண்டார்.

மங்கை வந்தார். கதவுக்குப் பக்கத்தில், கைப்பையைக் கழற்றாமல் நின்றார். டீச்சர் புதுப் போத்தலை மேசையில் வைத்தாள். ஒரு தாளையும் தொடுவதற்கு முன் பெயரை முழுதாக வாசித்தாள். அந்தச் சொல் எதற்காக இதில் இருக்கிறது, இது எது இல்லை, இதோடு எதைச் சேர்க்கவே கூடாது, கையில் பட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போகிறவர்கள் எப்படிக் கழுவிவிட்டுப் போக வேண்டும் என்பதையும் சொன்னாள்.

“ஆரும் விழுங்கினால்?” என்று கதவடியில் இருந்து கேட்டார் மங்கை.

புதிதாக வந்த ஒருவர் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

“வாயைக் கழுவி உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்,” என்றாள் டீச்சர். “சுகமில்லாமல் வரலாம். ஒண்டும் வராது எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா அது மாதிரி இல்லை.”

“அது மாதிரி இல்லை?”

“இல்லை.”

மங்கை மேசைக்குக் கிட்ட வந்தார். போத்தலை எடுத்துச் சீட்டை வாசித்தார். உதடு அசைவது தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை. பிறகு, தான் திறக்கலாமா என்று கேட்டார். டீச்சர் கையுறையைக் கொடுத்தாள். மங்கை மூடியைத் திருகித் திறந்து, மீன் பழுதோ என்று பார்ப்பதுபோல முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு முகர்ந்தார். போத்தலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது என்பது நம்முடைய விதி. அன்று நாங்கள் இருவரும் தடுக்கவில்லை.

“ஒண்டும் மணக்கேல்லை,” என்றார்.

“மணக்காது,” என்றாள் டீச்சர்.

மங்கை கைப்பையைத் தோளிலிருந்து எடுத்துக் கதிரையில் கொழுவிவிட்டு, மற்றவர்களோடு வரிசையில் இருந்தார். எனக்குப் பக்கத்துக் கதிரையில்.